சர்வீஸ் சார்ஜ் போட்ட பிறகும் டிப்ஸ் வைக்க வேண்டுமா?

வணக்கம் சார். புதுச்சேரி ஒயிட் டவுனில் குடும்பத்தோடு சாப்பிட்ட இடத்தில் பில்லிலேயே 10% சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள், அதற்கு மேல் டிப்ஸ் வைக்காததால் சர்வர் முகத்தைச் சுளித்தார், தப்பு நம் மீதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மீது தப்பே இல்லை.

ஜிஎஸ்டி அரசுக்குப் போகும் வரி, கட்டித்தான் ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் அப்படியல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, உணவகம் அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. அதனால் அடுத்த முறை பணம் கட்டும் முன்பே மேனேஜரைக் கூப்பிட்டு, "இதை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் சொல்லலாம். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சர்வர் முகம் சுளித்தது சரியில்லைதான். ஆனால் அந்தப் பத்து சதவீதம் முதலாளியின் கல்லாவிலேயே நின்றுவிட்டால் அவர் கைக்கு ஒன்றும் வராது, அதையும் யோசியுங்கள். நான் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லிவிட்டு, நன்றாகக் கவனித்தவர் கையில் பணமாகவே கொடுத்துவிடுவேன்.

அப்புறம், சாதாரண டிபன் கடைகளில் யாரும் சதவீதக் கணக்குப் பார்ப்பதில்லை. மீதிச் சில்லறையில் பத்தோ இருபதோ வைத்தால் போதும்.