பொண்ணு பயோமெடிக்கல் கேக்குறாளா, பயப்படாதீங்க அக்கா

அக்கா, எம்பிபிஎஸ் சீட் கிடைக்கல, பொண்ணு பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கேக்குறா, அது ஆஸ்பத்திரில மெஷின் ரிப்பேர் பாக்குற வேலைதானேன்னு கேட்டிருந்தீங்க. ரிப்பேரும் உண்டு, அதுவும் மரியாதையான வேலைதான். ஆனா பச்சக்குழந்தைங்களுக்கு ஏதாச்சும் செய்யணும்னு அவ சொல்றாளே, அதுக்கு மருத்துவக் கருவிங்கள உருவாக்கக் கத்துக்குடுக்குற இந்தப் படிப்புல நெஜமாவே வழி இருக்கு.

மஞ்சக்காமாலை வந்த குழந்தைய நீல லைட்ல படுக்க வைப்பாங்கல்ல, அந்தப் பழைய பல்பு நாளாக நாளாக பவர் குறைஞ்சிடும், ஆனா பாக்குறவங்க கண்ணுக்கு அதே நீலமாத்தான் தெரியும், குழந்தையும் லைட்டுக்கு அடியிலயே கிடக்கும், மஞ்சள் மட்டும் சரியா இறங்காது. இத சரி பண்ண டி-ரெவ்னு ஒரு அமெரிக்க தொண்டு நிறுவனம் எல்இடி வச்சு பிரில்லியன்ஸ்னு ஒரு லைட் டிசைன் பண்ணுச்சு, தயாரிச்சது யாரு தெரியுமா, நம்ம சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். எவ்ளோ வெளிச்சம் வேணும்னு டாக்டருக்குத் தெரியும், அத எப்படி வர வைக்கிறதுன்னு இன்ஜினியருக்குத் தெரியும், எந்த விலைன்னா ஆஸ்பத்திரி வாங்கும்னு கம்பெனிக்குத் தெரியும். இந்த மூணு பேர் பேசுறதும் புரியுற ஆளுதான் இந்தத் துறைல கிடைக்க மாட்டேங்குறாங்க, உங்க பொண்ணு அந்த ஆளா ஆகலாம்.

கஷ்டத்தையும் சொல்லிடுறேன். குழந்தைங்களுக்கான கருவிக்கு மார்க்கெட் சின்னது, கம்பெனிங்க சீக்கிரம் காசு போடாது, அமெரிக்காவுலயே 2007ல சட்டம் கொண்டு வந்து அரசாங்கம் பணம் குடுத்துதான் டாக்டர், இன்ஜினியர், கம்பெனி எல்லாரையும் ஒண்ணா உக்கார வைக்குது. அதனால பிஇ முடிச்ச உடனே பெரிய சம்பளம்னு கணக்குப் போடாதீங்க, நெறைய பேர் சர்வீஸ் வேலைக்கோ ஐடிக்கோதான் போறாங்க.

டிஎன்இஏ கவுன்சிலிங்ல, அதான் தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கைல, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், கோவை பிஎஸ்ஜி டெக் கிடைச்சா யோசிக்காம எடுங்க. கிடைக்கலன்னா நல்ல காலேஜ்ல இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) எடுத்தாலும் தப்பில்ல, சுமாரான காலேஜ்ல பயோமெடிக்கல் எடுக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல், ஏன்னா அதுக்கப்புறம் எம்டெக் சேர எழுதுற கேட் நுழைவுத் தேர்வு எழுதி, எம்டெக் கிளினிக்கல் இன்ஜினியரிங் போகலாம். ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மூணும் சேந்து நடத்துறாங்க, ஆஸ்பத்திரிக்குள்ளயே இருந்து படிக்கலாம், என்னைக் கேட்டா அவளுக்கு அதுதான் சரியான எடம்.

சாய்ஸ் லாக் பண்றதுக்கு முன்னாடி உங்க ஊர் பெரிய ஆஸ்பத்திரில இருக்கிற பயோமெடிக்கல் இன்ஜினியர்கிட்ட அவள ஒரு அரை மணி நேரம் பேச விடுங்க. நீங்க கூட உக்கார வேணாம், கேள்வியெல்லாம் அவளே கேக்கட்டும்.