எகிப்து இளவரசரா, வேற்றுக்கிரகப் போலீஸா?

டிசி காமிக்ஸின் சிறகு கட்டிய சூப்பர் ஹீரோ ஹாக்மேன் ஒரு புத்தகத்தில் எகிப்து இளவரசரின் மறுபிறவி, இன்னொன்றில் வேற்றுக்கிரகப் போலீஸ், எது சரி, எதிலிருந்து படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான் நண்பரே.

1940-இல் ஃப்ளாஷ் காமிக்ஸ் முதல் இதழில் வந்தவர் கார்ட்டர் ஹால், கூஃபு இளவரசரின் மறுபிறவி. அதை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸே 1961-இல் அவரைத் தானகர் கிரகத்துப் போலீஸ்காரர் கட்டார் ஹோலாக மாற்றினார். ஓவியம் ஜோ கியூபர்ட். பின்னாளில் இருவரையும் வேறு வேறு இணைப் பிரபஞ்சங்களின் பூமிகளில் குடிவைத்தார்கள். அதுவரை சிக்கல் இல்லை.

குழப்பம் 1989-இல் வந்த 'ஹாக்வேர்ல்ட்'டால்தான். நல்ல கதை. ஆனால் அடுத்த ஆண்டு தொடங்கிய தொடரில், கட்டார் இப்போதுதான் பூமிக்கே வருகிறார் என்று வைத்துவிட்டார்கள். அப்படியானால் இத்தனை வருஷம் ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர் ஹீரோ குழுவில் பறந்தது யார்? ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு, 1994-இல் எல்லா ஹாக்மேன்களையும் ஒரே உடம்பில் திணித்தார்கள். அந்தப் பகுதியைத் தாராளமாகத் தாண்டுங்கள்.

ராபர்ட் வெண்டிட்டி எழுதிய 2018 தொடரில் தொடங்குங்கள். மறுபிறவி காலம் விட்டுக் காலம் மட்டுமல்ல, கிரகம் விட்டுக் கிரகமும் நடக்கும் என்று சொல்லி இரண்டு கதைக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார். பிரையன் ஹிட்ச் படங்களுக்காகவே வாங்கலாம். பிடித்தால் அப்புறம் கியூபர்ட் கால இதழ்களைத் தேடுங்கள்.