மனை அங்கேயே இருக்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 31. எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆறு வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். கணவருக்கு 36, பி.இ. மெக்கானிக்கல். ஐந்து வயதில் ஒரு மகள். கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் உரிமைக்கு (பிஆர்) எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளிமுறை வழியில் போடலாம் என்று ஓர் ஏஜென்டைப் பார்த்தோம். குடும்பத் தலைவர் என்பதால் கணவர் பெயரில்தான் போட வேண்டும், பேங்கில் 15 லட்சம் காட்ட வேண்டும் என்கிறார். எங்களிடம் 11 லட்சம்தான் இருக்கிறது. மீதியை அவரே எங்கள் கணக்கில் போட்டுவைப்பாராம், வட்டி மட்டும் கொடுத்தால் போதுமாம். அது வேண்டாம், அப்பா எனக்கு எழுதிவைத்த மனையை விற்றுவிடலாம் என்கிறார் கணவர். மாமனாரோ, "அவன் முதலில் போய் செட்டில் ஆகட்டும், நீயும் குழந்தையும் அப்புறம் போங்கள்" என்கிறார். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை நான் மட்டும் எழுதியிருக்கிறேன். கேட்டல் 8, வாசிப்பு 7, எழுத்து 6.5, பேச்சு 7. நாங்கள் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி பணத்தைப் பற்றி. ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண்ணைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கண்ணில் பட்டது. அந்த 6.5 மட்டும் 7 ஆகியிருந்தால் உங்களுக்கு 57 புள்ளி கூடியிருக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சிஆர்எஸ் என்ற புள்ளிக்கணக்கு வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். நான்கு தாளிலும் சிஎல்பி என்ற கனடிய மொழித்திறன் அளவுகோலில் 9-ஆம் நிலையைத் தொட்டால் மட்டும் சில புள்ளிகள் இரட்டிப்பாகும். ஐஈஎல்டிஎஸ்ஸில் அதற்குக் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். நீங்கள் மூன்றில் தொட்டுவிட்டீர்கள். எழுத்தில் அரை மதிப்பெண் குறைந்ததால் அந்தத் தாளுக்கு நேரடியாகப் போனது 7 புள்ளி. முதுகலைப் படிப்புக்கும், கனடாவுக்கு வெளியே (உங்கள் விஷயத்தில் இந்தியாவில்) வேலை பார்த்த அனுபவத்துக்கும் மொழியோடு சேர்த்துத் தருகிற 100 புள்ளி, அதே காரணத்தால் 50 ஆகிவிட்டது. மொத்தம் 57. அரை மதிப்பெண்ணுக்கு இவ்வளவு விலை வேறு எந்தப் பரீட்சையிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்து, யார் பெயரில் போடுவது. குடும்பத் தலைவர் என்ற கட்டமெல்லாம் அந்த விண்ணப்பத்தில் கிடையாது, முதன்மை விண்ணப்பதாரர் என்றுதான் இருக்கும். தம்பதியில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் பெயரில் போடலாம். மணமானவர்களுக்கு 31 வயதில் 90 புள்ளி, 36 வயதில் 65. வயதிலேயே 25 புள்ளி வித்தியாசம். உங்கள் எம்.எஸ்சி.க்கு 126, அவருடைய பி.இ.க்கு 112. நீங்கள் சொன்ன விவரங்களை வைத்து நானே கூட்டிப் பார்த்தேன். உங்கள் பெயரில் இன்றைக்கு 383. எழுத்தில் 7 வாங்கினால் 440. கணவரும் தேர்வெழுதி நான்கிலும் சிஎல்பி 9 வாங்கினால் துணைவர் கணக்கில் 20 சேர்ந்து 460. இதே குடும்பத்தை அவர் பெயரில் போட்டால், அவர் அத்தனையிலும் சிஎல்பி 9 வாங்கினாலும் 400-ஐத் தொடாது. இந்தக் கூட்டலைக்கூடப் போட்டுப் பார்க்காத ஏஜென்ட், பணத்தை மட்டும் எப்படி அவ்வளவு துல்லியமாகச் சொன்னார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, 460 போதுமா? 2025 நிலவரத்தைப் பார்த்தால் போதாது. அந்த ஆண்டு, பிஆருக்கு விண்ணப்பிக்கலாம் என்று கனடா அரசு விடுகிற அழைப்புகள் பெரும்பாலும் மாகாண நியமனம் பெற்றவர்களுக்கும் (ஏதாவது ஒரு மாகாணம் தனக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர்கள்), ஏற்கனவே கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கும், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும், சுகாதாரம், கல்வி, கைத்தொழில் துறையினருக்கும்தான் போயின. கனடா அனுபவம் உள்ளவர்களுக்கே 500-க்கு மேல் தேவைப்பட்டது. நாடு மொத்தமாக எடுக்கிற எண்ணிக்கையும் இறங்கியிருக்கிறது. 2025-க்கு 3,95,000, 2026-க்கு 3,80,000. மனையை இப்போதே விற்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். அழைப்பு வருமா என்றே தெரியாத நிலையில் அப்பா கொடுத்த இடத்தை விற்றுவிட்டு, வராமல் போனால் அதே விலைக்கு அதே இடத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

உங்களுக்குத் திறந்திருக்கிற வழி இரண்டு. ஏதாவது ஒரு மாகாணம் நியமனம் செய்தால் ஒரே அடியாக 600 புள்ளி கிடைக்கும். அதற்கு எந்த மாகாணம் உங்கள் தொழிலைக் கேட்கிறது என்று விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று பிரெஞ்சு. 2025 மார்ச் 21 அன்று பிரெஞ்சுப் பிரிவில் 379 புள்ளிக்கே அழைப்பு விட்டார்கள், 7,500 பேருக்கு. அந்தப் பிரிவுக்கு நான்கு திறனிலும் நிலை 7 வேண்டும். அதை எட்டினால் உங்கள் 460 அப்படியே 522 ஆகும். ஆனால் அ, ஆ-விலிருந்து தொடங்கி அந்த நிலைக்கு வர, வேலைக்கும் போய்க்கொண்டு, ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். மூன்று மாதத்தில் முடியும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். 2025 ஜூலையில் புதுப்பித்த பட்டியலின்படி மூன்று பேர் குடும்பத்துக்கு 23,360 கனடிய டாலர் காட்ட வேண்டும். டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 15 லட்சத்துக்குச் சற்று மேல், ஆக ஏஜென்ட் சொன்ன தொகை சரிதான். அவர் சொன்ன வழிதான் தப்பு. கடன் வாங்கிய பணத்தைக் காட்டக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. நகையை அடகு வைத்து வாங்கியதும் கடன்தான். மனையின் மதிப்பைப் பத்திரத்தோடு காட்டினாலும் சேராது. நகையை விற்று, பில்லோடு கணக்கில் போட்ட பணம் உங்களுடையது. பெற்றோர் திருப்பிக் கேட்காமல் கொடுப்பதும் அப்படித்தான், ஆனால் அதைத் தானப் பத்திரமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேங்கிலிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். அதில் கணக்கு எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு, கிரெடிட் கார்டு உட்பட நிலுவைக் கடன்கள் எல்லாம் இருக்க வேண்டும். நான் விண்ணப்பித்தபோது எங்கள் கிளையில் முதலில் தந்த கடிதத்தில் இன்றைய இருப்பு மட்டும்தான் இருந்தது. இரண்டாவது தடவை சராசரி வந்தது, லெட்டர்ஹெட் இல்லை. மூன்றாவது தடவை நானே ஒரு மாதிரிக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன். "இதை முதல்லயே கொடுத்திருக்கலாமே" என்றார்! ஏஜென்டின் நான்கு லட்சம் கடைசி மாதத்தில் உள்ளே வந்தால் அந்தச் சராசரி வரியே காட்டிக்கொடுத்துவிடும். பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து ஆண்டுக்கு நீங்கள் மறுபடி பிஆருக்குப் போடவே முடியாது. அந்தத் தண்டனை உங்களுக்குத்தான் வரும், அவருக்கு அல்ல.

காசு வாங்கிக்கொண்டு கனடா குடியேற்ற ஆலோசனை சொல்கிறவருக்கு உரிமம் வேண்டும். அவர் அங்குள்ள வழக்கறிஞராக இருக்கலாம், அல்லது குடியேற்ற, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி என்ற கட்டுப்பாட்டு அமைப்பில் (பெயர்தான் கல்லூரி) பதிவு செய்தவராக இருக்கலாம். அந்தக் கல்லூரியின் பட்டியல் பொதுவில் இருக்கிறது, பெயர் போட்டுத் தேடுங்கள். பெயர் இல்லையென்றால் அவரோடு மேற்கொண்டு பேசாதீர்கள். உங்களைப் போலப் படித்தவர்கள் இந்த விண்ணப்பத்தைத் தாங்களே நிரப்பலாம். அலுப்பான வேலைதான், கஷ்டமானது அல்ல.

இந்த 23,360 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் பயம் கொஞ்சம் இடம் மாறும். கனடாவில் குறைந்த வருமான வரம்பு என்று ஒரு கணக்கு உண்டு, அதில் பாதிதான் இது. அதாவது மூன்று பேர் மிகவும் சிக்கனமாக ஆறு மாதம் தள்ளுகிற பணம். வாசலில் காட்டுகிற டிக்கெட் என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். குடித்தனச் செலவு வேறு.

விண்ணப்பச் செலவும் இதில் சேராது. 2024 ஏப்ரல் 30 முதல் வைத்த கட்டணப்படி பெரியவர்களுக்குத் தலா 1,525 டாலர், குழந்தைக்கு 260, கைரேகைக்குக் குடும்பத்துக்கு 170. கூட்டினால் 3,480. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள், ஆகவே கட்டுகிற அன்றைக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் மதிப்பீடு, தேர்வுகள், போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை தனி. 2025 ஆகஸ்ட் 21-லிருந்து மருத்துவப் பரிசோதனையை முன்கூட்டியே முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அழைப்பு வந்தால் கையில் இருப்பது 60 நாள்தான்.

இங்கே வந்து இறங்கியதும் பணத்தைத் தின்பது வாடகை. நான் இருக்கிற டொரன்டோவின் ஸ்கார்பரோ பக்கம் ஒரு படுக்கையறை உள்ள பேஸ்மென்ட் 1,500 டாலருக்குக் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம். வேலையும் இல்லை, கிரெடிட் ஸ்கோரும் இல்லை என்றதும் சில வீட்டுக்காரர்கள் ஆறு மாத வாடகையை முன்னால் கேட்பார்கள். எங்களிடமும் ஒருவர் கேட்டார், நாங்களும் விவரம் தெரியாமல் கொடுத்துவிட்டோம். ஒன்டாரியோ சட்டப்படி முதல் மாதம், கடைசி மாதம் இரண்டுக்கு மேல் அவர்கள் கேட்கக் கூடாது. வீட்டுச் சேதத்துக்கென்று தனி டெபாசிட்டும் கேட்க முடியாது. அந்த முதல் குளிர்காலத்தில் ஆறு மாத வாடகை கையைவிட்டுப் போன பிறகு, மகனுக்கு பூட்ஸ் வாங்கக் கணக்குப் பார்த்துக்கொண்டு கடையில் நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

மற்றபடி சில விஷயங்கள் நீங்கள் நினைப்பதைவிட லேசு. ஐந்து வயதுப் பெண்ணுக்கு அரசுப் பள்ளியில் கிண்டர்கார்டன் இலவசம். ஒன்டாரியோவில் மருத்துவ அட்டைக்கு முன்பு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா போனால் காத்திருப்பு உண்டு, அந்த இடைவெளிக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். பிஆர் உள்ளவர்கள் வந்ததுமே குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஜூலை தொடங்கிய ஆண்டில் ஆறு வயதுக்குக் கீழே அதிகபட்சம் 7,997 டாலர், அதற்கு மேல் வயதானால் 6,748. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் குறையும், ஊரில் சம்பாதித்ததையும் எழுத வேண்டும்.

பணத்தை அனுப்பும்போது ஒரு சின்ன விஷயம். இந்தியாவிலிருந்து இப்படி வெளியே அனுப்பும் தொகை ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டியதற்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற வரியை பேங்கே முன்கூட்டிப் பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும், கையில் பணம் தேவைப்படுகிற நேரத்தில் அது மாட்டிக்கொள்ளும். இருவரும் அவரவர் கணக்கிலிருந்து அனுப்பினால் பிரச்சினையே இல்லை. கையில் 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் சொல்லிவிடுங்கள். அதற்கு வரி எதுவும் கிடையாது, சொல்லாமல் விட்டால்தான் வம்பு.

கடைசியாக மாமனார் சொன்ன யோசனை. அவர் மகன் மட்டும் முதலில் வந்தாலும் பணம் மூன்று பேருக்குத்தான் காட்ட வேண்டும், உடன் வராத மனைவியும் குழந்தையும் கணக்கில் வருவார்கள். அதோடு, உங்கள் பெயரில் விண்ணப்பித்தால் நீங்கள் இறங்குவதற்கு முன் அவர் இறங்க முடியாது. சேர்ந்து வரலாம், இல்லாவிட்டால் நீங்கள் முன்னால் வர வேண்டும். இதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்பதை உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள்.

ஏஜென்டுக்கு முன்பணம் ஏதும் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீது வாங்குங்கள். கொடுக்கவில்லையென்றால் அந்தப் பணத்தில் இந்த வாரமே இரண்டு பேருக்கும் தேர்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள். ஐஈஎல்டிஎஸ் எழுத்துத் தாள் பிடிபடவில்லை என்றால் பிடிஇ கோர் தேர்வையும் கனடா ஏற்கிறது, ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்துவிட்டு எது கைவருகிறது என்று முடிவு செய்யுங்கள்.