நாளைய மழையும் நூற்றாண்டின் வெப்பமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காலநிலை மாற்றம் பற்றித் தாங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பத்து நாள் கழித்து மழை வருமா என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாத அறிவியல், 2100-இல் பூமி எவ்வளவு சூடாகியிருக்கும் என்று எந்தத் துணிவில் சொல்கிறது? காற்றில் வெறும் 0.04 விழுக்காடு உள்ள கார்பன் டை ஆக்சைடு என்ற வாயு கோளையே சூடாக்கும் என்பது மிகையல்லவா? மனிதன் ஆலை கட்டுவதற்கு முன்பே பனியூழிகள் வந்து போயிருக்கின்றனவே. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், நான் விளக்கை அணைப்பதாலும் மரம் நடுவதாலும் என்ன ஆகிவிடப் போகிறது? வானில் துகள்களைத் தூவி வெயிலைக் குறைக்கலாம் என்கிறார்கள். அதைச் செய்துவிட்டுப் போகலாமே?

க.

அன்புள்ள க.,

உங்கள் முதல் கேள்விதான் அடிப்படையானது. அது தெளிந்தால் மற்றவை பாதி தெளிந்துவிடும். வானிலையைக் கணிப்பவர் குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் என்ன நிகழும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு இன்றைய காற்றின் நிலை முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும். அது ஒருபோதும் முழுமையாகத் தெரிவதில்லை. 1961-இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்க வானிலையியலாளர், தம் கணினியில் ஓட்டிய எளிய வானிலை மாதிரி ஒன்றை நடுவிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்க விரும்பினார். கணினியின் நினைவில் 0.506127 என்றிருந்த எண், அச்சிட்ட தாளில் 0.506 என்று சுருங்கியிருந்தது; அதையே உள்ளிட்டார். முதலில் பழைய ஓட்டத்தை ஒட்டியே சென்ற புதிய ஓட்டம், மாதிரியின் கணக்கில் இரண்டு மாதம் ஆவதற்குள் முற்றிலும் வேறொரு வானிலையில் போய் நின்றது. பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்கு வேறுபாடு செய்த வேலை அது. அன்றாட வானிலைக் கணிப்பு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு மேல் நீளாததற்குக் காரணம் காற்றின் இந்த இயல்பே.

காலநிலையைக் கணிப்பவர் கேட்கும் கேள்வியே வேறு. சூரியனிடமிருந்து பூமி பெறும் ஆற்றலும், பூமி விண்வெளிக்குத் திருப்பி அனுப்பும் ஆற்றலும் சமமாக இருக்கின்றனவா, இல்லையென்றால் மிச்சம் எங்கே சேர்கிறது என்பதே அவருடைய கணக்கு. அடுத்த ஆண்டுக் கோடையில் ஒரு நாளைக் காட்டி அன்று மழை பெய்யுமா என்று கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோடை அதற்கு முந்தைய குளிர்காலத்தைவிட வெம்மையாக இருக்கும் என்பதைச் சொல்ல வெயில் விழும் சாய்வு தெரிந்தால் போதும். 2100 பற்றிய கணிப்பு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதிலும் ஐயங்கள் உண்டு. மேகங்கள் எப்படி மாறும் என்பது அவற்றுள் பெரியது. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் வெப்பநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ் உயரும், அது 2.5-லிருந்து 4 வரை இருக்கலாம் என்று காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. 2021-இல் மதிப்பிட்டதில் உள்ள அகலம் பெரும்பாலும் மேகங்களால் வருவது. இந்த ஐயத்தைக் காட்டிப் பொறுத்திருக்கச் சொல்பவர்கள், அது இரு பக்கமும் நீள்கிறது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

0.04 விழுக்காட்டுக்கு வருகிறேன். ஜான் டின்டால் என்ற இயற்பியலாளர் 1859-இல் ஒரு நீண்ட பித்தளைக் குழாயில் வாயுக்களை ஒவ்வொன்றாக நிரப்பி, அதன் வழியே வெப்பக் கதிரைச் செலுத்தி அளந்தார். குழாயின் இரு முனைகளையும் கண்ணாடியால் அடைக்க முடியவில்லை, கண்ணாடியே வெப்பக் கதிரை விழுங்கிவிடும். ஆகவே மெருகேற்றிய பாறை உப்புத் தகடுகளால் அடைத்தார். காற்றில் 99 விழுக்காடாக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தக் கதிரை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டன. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் பிடித்து நிறுத்தின. எனவே மொத்தக் காற்றில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு எவ்வளவு என்று கேட்பதில் பொருளில்லை. இந்த வேலையில் மற்ற வாயுக்கள் அநேகமாகக் கலந்துகொள்வதே இல்லை. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இந்த வாயுக்கள் இல்லாதிருந்தால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரிக்குப் பதிலாக உறைநிலைக்கும் 18 டிகிரி கீழே இருந்திருக்கும்.

வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் உயரே செல்லச் செல்லக் குளிர் கூடும். கார்பன் டை ஆக்சைடு மிகும்போது, வெப்பக் கதிர் இறுதியாக விண்வெளிக்குத் தப்பிச் செல்லும் மட்டம் மேலேறுகிறது. அங்கே காற்று குளிர்ந்தது, குளிர்ந்த காற்று குறைவாகவே கதிர்வீசும். வெளியேறும் ஆற்றல் குறைகிறது, கணக்கு மீண்டும் ஈடாகும்வரை கீழே தரையும் கடலும் சூடேறுகின்றன. மிகையான வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. சூடேறிய காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். நீராவியும் வெப்பத்தைப் பிடிக்கும் வாயு என்பதால் சூடு இன்னும் கூடுகிறது. பெருமழைகள் மேலும் கொட்டித் தீர்ப்பதற்கும் இதுவே முதற்காரணம். இவற்றுக்கெல்லாம் சூரியனே காரணம் என்றால் வளிமண்டலம் அடிமுதல் முடிவரை சூடாகியிருக்க வேண்டும். நடப்பது அதுவல்ல: கீழ்ப்பகுதி சூடாக, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிர்கிறது. மனாபே, வெதரால்ட் என்ற காலநிலை அறிவியலாளர்கள் இதை 1967-லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

பனியூழிகள் காரணமின்றி வந்தவை அல்ல. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுவது அவற்றைத் தொடங்கி வைத்தது. கார்பன் டை ஆக்சைடு அதைப் பெருக்கியது. கடைசிப் பனியூழியிலிருந்து பூமி மீண்டபோது அந்த வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 180 பங்கிலிருந்து 260-க்கு மேல் உயர ஆறாயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1958-இல் சார்லஸ் கீலிங் என்ற அறிவியலாளர் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 ஆக இருந்தது; இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பழைய மாற்றங்கள் தாமே வந்தன என்பது இன்றைய மாற்றத்துக்குக் காரணம் நாமில்லை என்று ஆக்காது. கூடியிருக்கும் கார்பனின் ஐசோடோப்பு விகிதம் (எடையில் வேறுபட்ட கார்பன் அணுக்கள் கலந்திருக்கும் அளவு), அது நிலக்கரியிலும் எண்ணெயிலும் இருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கிறது.

என்ன செய்வது என்பதும் இதே கணக்கிலிருந்துதான் வருகிறது. நீராவி காற்றில் பத்து நாள் அளவில் தங்கி மழையாகிவிடும். மீத்தேன் பன்னிரண்டு ஆண்டளவில் சிதையும். கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பங்கு நூற்றாண்டுகளுக்கு நிற்கும். ஆகவே எவ்வளவு வேகமாக வெளியிடுகிறோம் என்பதைவிட, இதுவரை மொத்தம் எவ்வளவு வெளியிட்டிருக்கிறோம் என்பதே வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. பாதியாகக் குறைத்தாலும் சூடு ஏறிக்கொண்டுதான் இருக்கும், வேகம் மட்டுமே குறையும். வெளியீடு நிகரச் சுழியத்தைத் தொட்டால், அதாவது வெளியிடுவதும் திரும்ப அகற்றுவதும் சமமானால், ஏற்றம் ஏறத்தாழ நின்றுவிடும். ஆனால் ஏறியது நெடுங்காலத்துக்கு இறங்காது. இதில் ஆறுதலும் அச்சமும் சேர்ந்தே இருக்கின்றன. விளக்கை அணைப்பது நல்ல பழக்கம், அதற்குமேல் அதில் எதையும் ஏற்ற நான் விரும்பவில்லை. மின்சாரம் எதிலிருந்து வருகிறது, எஃகும் சிமெண்டும் எப்படி உருவாகின்றன என்பவை அரசுகளும் தொழில்களும் எடுக்கும் முடிவுகள். குடிமகனின் எடை அங்கே அழுத்தம் தருவதில்தான் இருக்கிறது. ஒரு முறை எடுத்துவிட்டுப் பதினைந்து ஆண்டு அவற்றோடு வாழ வேண்டிய முடிவுகள், வாகனம் போல, வீட்டின் கட்டமைப்பு போல, உங்கள் கையில் இருப்பவை. அவற்றில் கவனம் வையுங்கள். மரம் நடுங்கள், ஆனால் நிலத்தடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கார்பனை எரித்துவிட்டு, ஒரு காட்டுத் தீயில் எரிந்து காற்றுக்கே கார்பனைத் திருப்பிவிடக்கூடிய மரத்தை அதற்கு ஈடாகக் கணக்குக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஏற்கெனவே ஏறிவிட்ட சூட்டுக்கு ஈடுகொடுக்கும் வேலையும் தனியே இருக்கிறது: முன்னெச்சரிக்கை, வடிகால், வெயிலில் உழைப்பவரின் வேலை நேரம். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது, உடல் குளிர வழியில்லாமல் போகும் என்பதால் கடைசியாகச் சொன்னது உயிர்ப் பிரச்சினை.

துகள் தூவும் யோசனை கற்பனையல்ல. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை வெடித்து அடுக்கு மண்டலத்தில் கந்தகத்தை நிரப்பியபோது உலகம் அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தத் துகள்கள் கீழிறங்கிவிட்டன. கீழே கார்பன் சேர்ந்துகொண்டே இருக்க, மேலே தூவிக்கொண்டே இருக்க வேண்டும். போரோ பொருளாதாரச் சரிவோ வந்து ஒருநாள் தூவுவது நின்றால், மறைத்து வைத்திருந்த வெப்பத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் வெளிப்படும். வெயில் குறைந்தாலும், நாம் வெளியிடுவதில் கால்பங்கைக் கரைத்துக்கொண்டு தொழிற்புரட்சிக்குப் பின் ஏறத்தாழ 30 விழுக்காடு அமிலத்தன்மை கூடியிருக்கும் கடலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆராயட்டும், தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை நம்பி எந்த நிலக்கரி ஆலைக்கும் ஆயுளை நீட்டிக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.