ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துவிடுங்கள்

கேள்வி: கன்று ஈன்று மூன்று வாரம் ஆன கலப்பினப் பசு. 14 லிட்டர் கறந்தது இப்போது 6 லிட்டர்தான். 105 டிகிரி காய்ச்சல், காதிலும் மடிப்பக்கமும் உண்ணி. காவல் நாயும் நாலு நாளாகச் சாப்பிடாமல் படுத்திருக்கிறது, நேற்று மூக்கில் ரத்தம் வந்தது. நாயிடமிருந்து மாட்டுக்குத் தொற்றியிருக்குமா? ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியுமா?

பதில்: தெரியும், ஆனால் மருந்து ஏறுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். காய்ச்சல் என்றதும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் சரியாகவில்லை என்று ரத்தம் எடுத்தால் கிருமி கண்ணில் படாமலே போகலாம்.

நாயிடமிருந்து வந்ததா என்ற பயம் வேண்டாம். மாட்டுக்கு உண்ணியால் வருவது பெரும்பாலும் தைலேரியா, பபீசியா, அனபிளாஸ்மா என்ற ரத்தக் கிருமிகள். நாய்க்கு, நீங்கள் சொல்லும் மூக்கு ரத்தத்தைப் பார்த்தால் எர்லிக்கியா என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். உண்ணியும் வேறு, கிருமியும் வேறு.

பசுவுக்குக் காது நுனி ரத்தக்குழாயில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்துக் காயவைத்தால் கிருமியைத் தேட அது போதும். அதோடு ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், ஹீமோகுளோபின் பார்க்க. 8 கிராமுக்குக் கீழே போனால் சோகை. தோள்பட்டைக்கு முன்னால் கட்டி தடவுப்பட்டால் தைலேரியா பக்கம் யோசிக்கலாம், சிறுநீர் காபி நிறத்தில் போனால் பபீசியா. இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் ரெண்டுக்கும் மருந்து வேறு வேறு.

கால்சியமும் பார்க்கச் சொன்னால் அதற்குச் சிவப்பு மூடிக் குழாய். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் மருந்தே கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படித்து முடித்த புதிதில் நானே குழாயை மாற்றி அனுப்பி, வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, இவ்வளவு குறைந்த கால்சியத்தோடு மாடு எப்படி நிற்கிறது என்று குழம்பியிருக்கிறேன்! அப்புறம், கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சல் கன்று ஈன்ற மூன்று நாளுக்குள்தான் அதிகம் வரும், அதில் உடம்பு பெரும்பாலும் சில்லிட்டுப்போகும். உங்கள் மாட்டுக்கு அது பொருந்தவில்லை. மடிநோயையும் ரத்தத்தில் தேட வேண்டாம், பாலைச் சோதித்தாலே தெரியும்.

நாய்தான் இன்னும் அவசரம். பிளேட்லெட் 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது, எர்லிக்கியாவில் சரசரவென்று இறங்கும், மூக்கில் ரத்தம் வருவது அதனால்தான். தகட்டில் இழுத்துப் பார்க்கும் ஸ்மியரில் இந்தக் கிருமி பல நேரம் சிக்காது, அதனால் ரேபிட் கிட்டும் கேளுங்கள். அதுதான் என்று உறுதியானால் டாக்சிசைக்ளின் 28 நாள். நாலாம் நாள் சோறு தின்கிறதே என்று நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் திரும்ப வருகிறது.

குழாய்களை ஐஸ் டப்பாவில் வையுங்கள், ஐஸ்கட்டி மேலேயே படவேண்டாம், ரத்தம் ஐஸாக உறைந்தால் செல் உடைந்து வீணாகிவிடும். உங்கள் மாவட்டத்துக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொடுக்கலாம். உண்ணிக்கு ஐவர்மெக்டின் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: கறவை மாட்டுக்கு வேண்டாம், பாலில் இறங்கும்.