பத்தொன்பது மாத ஜீவனாம்சப் பாக்கி: எப்படி வசூலிப்பது?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 16 வயது, மகனுக்கு 10 வயது. இருவருக்கும் சேர்த்து மாதம் 6,000 ரூபாய் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 2023-இல் உத்தரவானது. திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசராக இருக்கும் கணவர் கொஞ்ச காலம் செல்போன் வழியாகப் பணம் அனுப்பினார். 19 மாதங்களாக ஒன்றும் வரவில்லை, இருப்பிடமும் தெரியவில்லை. இறந்துபோன மாமனாரின் ஒன்பது மா நஞ்சை பாகம் பிரியாமல் இருக்கிறது, மூத்தார் (கணவரின் அண்ணன்) சாகுபடி செய்கிறார். அதையும் மூத்தார் பெயருக்கே எழுதப்போகிறார்களாம். "பிள்ளைகளைக் கண்ணில் காட்டாதவளுக்குப் பணம் எதற்கு" என்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் கணவர் ஜெயிலுக்குப் போவாரே தவிரப் பணம் வராது என்றும் ஊரில் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். உங்களுக்கு வர வேண்டியது 1,14,000 ரூபாய். ஜீவனாம்சப் பாக்கியை வாரண்ட் போட்டு வசூலிக்கும் வழிக்கு ஒரு கெடு உண்டு. எந்த மாதத்துத் தொகையானாலும், அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டிருக்க வேண்டும். இன்றைக்கு நீங்கள் மனு செய்தால் கடைசி 12 மாதத்துக்கான 72,000 ரூபாய் அதற்குள் அடங்கும். அடுத்த மாதம், அறுவடை முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளினால், தள்ளும் ஒவ்வொரு மாதத்துக்கும் பழைய பாக்கியில் 6,000 ரூபாய் இந்த வழியை விட்டு நழுவிக்கொண்டே போகும். மூன்று வருடம் பொறுத்திருந்துவிட்டு வரும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அவர்கள் பொறுத்ததால் லாபம் அடைந்தது பணம் தராதவர் மட்டுமே.

மீதி ஏழு மாதத்து 42,000 ரூபாய் போய்விட்டதா என்றால், இல்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஓராண்டுக் கெடு வாரண்ட், சிறை என்ற முறையைத்தான் தடுக்கும், பாக்கியைப் பெறும் உரிமையை அழிக்காது. பழைய பாக்கிக்கு சிவில் வழி இருக்கிறது. ஜீவனாம்ச உத்தரவை சிவில் கோர்ட்டின் பணத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கிலும் அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது.

உங்கள் உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறியதால் உங்கள் உத்தரவு செத்துவிடவில்லை. யாராவது அப்படிப் பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

ஜெயில் பற்றி ஊரில் சொல்வது பாதி உண்மை. பணம் தராததற்கு நியாயமான காரணம் இல்லையென்றால், மாஜிஸ்திரேட் அபராதத்தை வசூலிப்பது போல வாரண்ட் பிறப்பிப்பார். அதற்கும் பணம் வராவிட்டால்தான் சிறை. ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை வைக்கலாம், பணத்தைக் கட்டினால் அதற்கு முன்பே வெளியே வரலாம். ஊரில் சொல்லாமல் விடும் மறுபாதி ஒன்று இருக்கிறது. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீராது. சிறை என்பது பணத்தை வரவழைக்கும் வழிதானே தவிர பணத்துக்கு ஈடாகாது என்று 1988-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலும் வாரண்டோடு போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்ததும் எங்கிருந்தோ பணம் புரண்டுவிடுகிறது.

இனி நிலத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிக நம்பிக்கை தந்தது அந்த ஒன்பது மாதான். ஏறத்தாழ மூன்று ஏக்கர் நஞ்சை. பாகம் பிரியாவிட்டாலும் அதில் உங்கள் கணவருக்குள்ள பங்கை ஜப்தி செய்யலாம். அபராத வசூல் வாரண்டை மாஜிஸ்திரேட் கலெக்டருக்கே அனுப்பி, நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்கச் சொல்லவும் சட்டத்தில் இடமிருக்கிறது. இதை மனுவிலேயே கேளுங்கள். கேட்காமல் விட்டால் வழக்கு வெறும் கைது வாரண்டோடு நின்றுவிடும். நிலத்தின் சர்வே எண், பட்டா எண், சிட்டா நகல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவிடுங்கள். மாமனார் பெயரிலேயே பட்டா இருந்தால், அவருடைய இறப்புச் சான்றும் வாரிசு விவரமும் வேண்டும்.

மூத்தார் பெயருக்கு எழுதுவது என்றால், பெரும்பாலும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, தானமாக எழுதிவைக்கும் தான செட்டில்மெண்டோ போடுவார்கள். கோர்ட் ஜப்தி செய்த பிறகு அப்படி எழுதினால், உங்கள் பாக்கியைப் பொறுத்தவரை அது செல்லாது. அதற்கு முன்பே எழுதிவிட்டால், கடனை ஏமாற்றச் செய்த பத்திரம் என்று தனியாக வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டியிருக்கும். அது நீண்ட அலைச்சல். ஆகவே ஜப்தி உத்தரவு வந்த அன்றே அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டு சேருங்கள். இப்போதைக்கு, பாக்கி விவரத்தைச் சொல்லி மூத்தாருக்கு வக்கீல் நோட்டீஸை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அவர் கையில் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். எனக்கு எதுவும் தெரியாது என்று பிறகு அவர் சொல்ல முடியாது.

மூத்தார் பாடுபட்டு விளைவித்த நெல்லின் மீது உங்களுக்கு உரிமை கிடையாது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு அவர் வங்கிக் கணக்கில் வரும் பணம் அவருடையது. ஆனால் தம்பியின் பங்குக்கு ஆண்டுதோறும் குத்தகையாக அவர் ஏதாவது கொடுக்கிறார் என்றால், அந்தக் குத்தகை உங்கள் கணவருக்குச் சேர வேண்டிய கடன். அதைத் தம்பியிடம் கொடுக்காமல் கோர்ட்டில் கட்டும்படி மூத்தாருக்கு உத்தரவிடக் கேட்கலாம். சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். உத்தரவு அதற்கு முன்பே கையில் இருந்தால்தான் பயன்.

திருப்பூர் முகவரி தெரியவில்லை என்று கலங்க வேண்டாம். அவர் முன்பு பணம் அனுப்பியது செல்போன் வழியாகத்தானே? உங்கள் வங்கியில் அந்த மாதங்களின் கணக்கு அறிக்கையை வாங்குங்கள். அவர் எந்த வங்கியிலிருந்து அனுப்பினார் என்பதற்கான தடயம் அதில் இருக்கும். அந்தக் கணக்கையே ஜப்தி செய்யக் கேட்கலாம். கம்பெனியின் பெயர் தெரிந்தால் சம்பளத்தையும் பிடிக்கலாம். ஜீவனாம்சத் தீர்ப்பானால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, மீதியை ஜப்தி செய்ய முடியும். தொழிலாளியின் கூலிக்கு இது பொருந்தாது. மாதச் சம்பள சூப்பர்வைசர் என்பது உங்களுக்குச் சாதகம். அதைக் காட்ட ஒரு சம்பளச் சீட்டோ பழைய அடையாள அட்டையோ கிடைத்தால் போதும். வாரண்டை உள்ளூர் போலீஸ் நிலையத்திலும் உயிரோடு வைத்திருங்கள். பொங்கலுக்கோ அப்பாவின் திதிக்கோ அவர் ஊருக்கு வராமல் இருக்கமாட்டார். திதி நாளில் வாரண்ட் நீட்டுவது எனக்கும் மனதுக்கு ஒப்பாததுதான். ஆனால் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு 19 மாதமாக உங்கள் தலையில் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். திருவாரூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். போகும்போது ஜீவனாம்ச உத்தரவின் நகல், மாதவாரியாக வந்தது, வராதது எழுதிய கணக்கு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள் கையில் இருக்கட்டும். உத்தரவு நகலைக் கோர்ட் இலவசமாகத் தர வேண்டும். அவர் திருப்பூரில் இருக்கிறார் என்பது உறுதியானால், அந்த ஊர் மாஜிஸ்திரேட் மூலமாகவும் இதே உத்தரவை நிறைவேற்றலாம்.

பிள்ளைகளைக் காட்டாதது பற்றி: தந்தை பிள்ளைகளைப் பார்ப்பது வேறு, பிள்ளைகளுக்குச் சோறு போடுவது வேறு. பார்க்க வேண்டுமானால் அவர் தனி மனு போடட்டும். அதைச் சொல்லிப் பணத்தை நிறுத்த முடியாது. பஞ்சாயத்தில் உட்கார்ந்து, ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு இனி பாக்கியில்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். பிள்ளைகளின் உரிமையைத் தாய் எழுதிக்கொடுத்துவிட முடியாது என்றாலும், அந்தக் காகிதத்தைக் காட்டி வாய்தா வாங்கியே ஓராண்டை ஓட்டிவிடுவார்கள். அவர் பணம் தர வந்தால் வங்கியில் போடச் சொல்லுங்கள், இல்லையேல் கோர்ட்டில் கட்டச் சொல்லுங்கள்.

மகளுக்கு 18 வயதாகும்போது நின்றுவிடுமோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். அதுவரை சேர்ந்த பாக்கி அப்படியே நிற்கும். அதன் பிறகும், தன் வருமானத்தில் வாழ முடியாத மணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமை 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி தந்தைக்கு உண்டு. அதற்கு அவள் பெயரில் வேறு மனு போட வேண்டும். இரண்டு ஆண்டு இருக்கிறது. முதலில் இந்த வாரம் திருவாரூர் போய் வாருங்கள்.