உள்ளே போகலாமா என்று வாசலிலேயே நிற்காதீர்கள்

சென்னையில் ஓவியம், சிற்பம், பாட்டு, கூத்து பார்ப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை பதில் சொல்கிறார்.

கிரீம்ஸ் ரோடு வழியாகப் போகும்போதெல்லாம் லலித் கலா அகாடமியில் ஓவியக் கண்காட்சி பேனர் பார்க்கிறேன். உள்ளே போக ஆசை. வாங்க வசதியில்லாதவள் போனால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.
— வாசகி, ஆவடி

தாராளமாகப் போங்கள். டிக்கெட் கிடையாது. யார், எந்த ஊர் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஹாலுக்குள் உங்களைப் பார்க்கப்போகிற ஒரே ஆள் பெரும்பாலும் படம் வரைந்தவராகத்தான் இருப்பார். கைக்காசைப் போட்டு ஒரு வாரத்துக்கு ஹாலை வாடகைக்கு எடுத்து, படங்களை வேனில் ஏற்றி வந்து, தானே மட்டம் பார்த்து மாட்டிவிட்டு, மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். திறப்பு விழா மாலையில் கூட்டம் இருக்கும், டீயும் இருக்கும். மறுநாள் மதியம் போனால் ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் நுழைந்தால் அவருக்குத்தான் உங்களைவிடக் கூச்சம்.

அவரிடம் "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பாவம், அதை நாள் முழுக்கக் கேட்டு நொந்துபோயிருப்பார். "இதில் முதலில் எந்த கலரைப் போட்டீங்க?" என்று கேளுங்கள். மனுஷர் எழுந்து வந்துவிடுவார். கேன்வாஸின் பக்கவாட்டு விளிம்பையும் எட்டிப் பாருங்கள். முன்னால் எல்லாம் நீலமாக இருக்கும், விளிம்பில் மட்டும் கொஞ்சம் காவியும் பச்சையும் வழிந்து காய்ந்திருக்கும். அடியில் என்னென்ன போட்டு அழித்திருக்கிறார் என்பதை அந்த வழிசல் காட்டிக்கொடுத்துவிடும்.

படத்துக்குப் பக்கத்தில் சின்ன சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது. மற்றபடி விலைப்பட்டியல் கேட்பதில் தப்பே இல்லை, கேட்டதால் வாங்க வேண்டும் என்றும் இல்லை. கிளம்பும்போது மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். 'அருமை, வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டு ஓடாதீர்கள். எந்தப் படத்தின் முன் அதிக நேரம் நின்றீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், தமிழிலேயே.

லீவில் பிள்ளைகளை எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப்போய் எல்லாக் கட்டடத்தையும் சுற்றிக் காட்டினேன். திமிங்கில எலும்புக்கூட்டைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை என்கிறார்கள்.
— வாசகர், பெரம்பூர்

முதல் தடவைக்குத் திமிங்கிலம் போதும். 1851-ல் தொடங்கிய மியூசியம் அது. அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்பார்கள், இதை 'செத்த காலேஜ்' என்பார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், அடுத்த தடவை அவர்களே கூப்பிடுவார்கள்.

அடுத்த தடவை வேறெங்கும் போக வேண்டாம். நேராக வெண்கலச் சிலைக் கூடம், அதிலும் இரண்டே சிலை. ஒன்று, திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர். "எத்தனை கை, எண்ணுங்க" என்று விட்டுவிடுங்கள். மூன்று என்று எண்ணிவிட்டுத் திரும்ப எண்ணுவார்கள். ஆண் பாதிக்கு இரண்டு கை, பெண் பாதிக்கு ஒன்றுதான். அப்புறம் இடுப்புக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் துணி தொடையோடு நின்றுவிடும், மறுபக்கம் கணுக்கால் வரை இறங்கும். இரண்டு உடம்பை ஒட்டவைத்த மாதிரி எங்கேயும் தெரியாது. அந்த இடுப்பு வளைவில் ஸ்தபதி எப்படிச் சமாளித்திருக்கிறார் என்று நானே இன்னும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, திருவாலங்காட்டு நடராஜர். இதன் போட்டோக்களை பாரீஸில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சிற்பி ரோதேன் 1913-ல் பக்கம் பக்கமாக எழுதினார். நேரில் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. உங்களுக்கு பெரம்பூரிலிருந்து பஸ் இருக்கிறது.

எப்படிச் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மெழுகில் உருவத்தைச் செய்து, மேலே மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். பிள்ளைகள் கட்டாயம் கேட்கிற கேள்வி, "உடைக்கும்போது சிலை சரியா வரலைன்னா?" மறுபடி மெழுகிலிருந்துதான்.

மாடர்ன் ஆர்ட் என்ற பெயரில் மாட்டியிருப்பதைப் பார்த்தால் என் பேரனே வரைவான் போலிருக்கிறது. நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள்.
— வாசகர், குரோம்பேட்டை

பேரன் வரையட்டும், நல்ல விஷயம். தாத்தா மட்டும் ஒரு நாள் ஒதுக்குங்கள். முதலில் மெரினாவில் உழைப்பாளர் சிலை. பாறையை நெம்புகிற நான்கு பேர், முதுகிலும் கெண்டைக்காலிலும் சதை முறுக்கிக்கொண்டு நிற்கும். 1959-ல் வைத்தது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான் படித்த பெரியமேடு ஓவியக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வர் அவர். இதில் உங்களுக்கு ஒரு சந்தேகமும் வராது.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் போய் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் இறங்குங்கள். ராய் சௌத்ரியிடமே படித்து, அவருக்குப் பின் அதே கல்லூரிக்கு முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கியது. ஓவியத்தை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்று தெரிந்து, எல்லோரும் சேர்ந்து பாட்டிக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) செய்து விற்ற காசில் வளர்ந்த இடம் அது. அங்குள்ள மியூசியத்தில், அந்தக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த நவீன ஓவியப் போக்கான மெட்ராஸ் இயக்கத்து ஓவியர்களை வரிசையாகப் பார்க்கலாம். பணிக்கரின் பிற்காலப் படங்களில் ஜாதகக் கட்டம் இருக்கும், பஞ்சாங்கம் மாதிரி வரிசை வரிசையாக எழுத்து இருக்கும். படிக்கப் போனால் ஒரு எழுத்தும் எழுத்தாக இருக்காது. குருநாதர் மாதிரி தசைநார் வரையத் தெரியாமல் அவர் இங்கே வரவில்லை. அதை நன்றாகச் செய்துவிட்டு, ஐரோப்பாக்காரன் பாணியும் வேண்டாம் என்று தேடித் தேடி இதற்கு வந்தார். பார்த்துவிட்டும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். பேரன் பேச்சை மட்டும் அப்போது எடுக்கமாட்டீர்கள்.

மார்கழிக் கச்சேரி டிக்கெட் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.
— வாசகி, அம்பத்தூர்

மாலைக் கச்சேரியை மறந்துவிடுங்கள். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை. பாடுவது இளையவர்கள், உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போவார்கள், அப்போது முன்வரிசைக்கு நகர்ந்துகொள்ளுங்கள். மிருதங்கக்காரரின் இடது கையைப் பக்கத்திலிருந்து பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

சபா, கேலரி என்று சொல்கிறீர்கள். எங்கள் பக்கத்துப் பறை, கரகம், கூத்து எல்லாம் கலை இல்லையா?
— வாசகர், திருவொற்றியூர்

கோபம் நியாயம்தான். 2007-ல் சென்னை சங்கமம் என்ற கலை விழா வந்தபோது நகரத்துப் பூங்காக்களில் அவை இறங்கின. நடுவில் நின்றுபோய், 2023-லிருந்து 'நம்ம ஊரு திருவிழா'வாகப் பொங்கலையொட்டி மறுபடி நடந்தது. கட்டணம் இல்லை. மேடைக்கு எதிரே நாற்காலி பிடிக்க அடித்துக்கொள்ளாமல், கொஞ்சம் முன்னாலேயே போய் மேடைக்குப் பின்னால் நில்லுங்கள். வைக்கோலோ காகிதமோ கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். சூடு ஏற ஏறத் தோல் விறைக்கும். ஒருவர் குச்சியால் தட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டு மறுபடி தீயில் காட்டுவார். ஆட்டம் தொடங்கி அரை மணியில் சத்தம் மங்கினால், தோல் ஆறிவிட்டது என்று நீங்களே சொல்லலாம்.

என் குறை ஒன்று உண்டு. பொங்கலுக்கு நான்கு நாள் கூப்பிட்டால் போதுமா? கலைஞர்களுக்கு மீதி மாதமும் வயிறு இருக்கிறது.

புது வீடு. ஹால் சுவர் காலியாக இருக்கிறது. சில ஆயிரம்தான் செலவழிக்க முடியும். அசல் ஓவியம் கிடைக்குமா?
— வாசகி, வேளச்சேரி

எட்சிங், லினோகட் போன்ற அச்சுப் படங்களைக் கேளுங்கள். உலோகத் தகட்டிலோ, லினோ என்கிற ரப்பர் மாதிரியான விரிப்பிலோ கீறி, மை தடவி, ஓவியரே கையால் அச்செடுப்பது. அசல்தான், ஆனால் பல பிரதி இருப்பதால் விலை குறையும். கீழே பென்சிலில் 3/20 என்று எழுதியிருந்தால் இருபதில் மூன்றாவது பிரதி. பக்கத்தில் கையெழுத்தும் இருக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் கண்காட்சி வைக்கும்போது போனால் இன்னும் சகாயம். பேரம் பேசாதீர்கள், பிள்ளைகள் மை வாங்கிய கடனே அடைந்திருக்காது. வெயில் நேராகப் படுகிற சுவரில் மாட்டவும் வேண்டாம்.

எங்கே என்ன நடக்கிறது என்றே தெரிவதில்லையே?
— வாசகர், தாம்பரம்

பேப்பரில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியை யாரும் படிப்பதில்லை, நான் படிக்கிறேன். நுங்கம்பாக்கம் பக்கம் போனால் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸிலும் ஜெர்மன் மையமான மாக்ஸ் முல்லர் பவனிலும் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற போட்டோ விழாவான சென்னை போட்டோ பினாலே நடக்கும் வருடமென்றால் ஊரில் பல இடங்களில் போட்டோக்கள் இருக்கும். நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிற ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி, பழைய இடங்களைச் சுற்றிக் காட்டும் மெட்ராஸ் டே நடைகள் உண்டு. கிளம்பும் முன் கிழமை பார்த்துக்கொள்ளுங்கள்: எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, தென்னிந்திய வீடுகளும் கைவினைகளும் வைத்திருக்கிற முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை.